ஞானத்தாயின் கையுறை

சோதனைக் குழாயில் நீலம் கூடியிருந்தது.

ஷெர்லீன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கருவியில் வைத்து அளக்க வேண்டிய அவசியமே இல்லை. செங் வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலையில் அவள் வேலையே இந்த நீலத்தைப் பார்ப்பதுதான். கையுறையைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் மருந்து கலந்தால் நீலம் பிறக்கும். வெளிர் நீலம் என்றால் புரதம் குறைவு, சரக்கு போகலாம். கருநீலம் என்றால் போகக் கூடாது.

ரப்பர் பால் ஒரு மரத்தின் உயிர்ச்சாறு. உயிருள்ள எதை எடுத்தாலும் அதில் இருக்கும் நான்கு பெரிய மூலக்கூறு வகைகள் அந்தப் பாலிலும் உண்டு. சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்ந்த வகை, உயிருக்கு எரிபொருள். கொழுப்பு, ஒவ்வொரு ரப்பர் துளியையும் மெல்லிய போர்வை போல மூடியிருப்பது. நியூக்ளிக் அமிலம், எதை எப்படிச் செய்வது என்ற உத்தரவைச் சுமப்பது. அந்த உத்தரவின்படி உருவாகி, ஓடியாடி வேலை செய்வது புரதம். கத்தி பட்ட பட்டையில் பூஞ்சை ஏறாமல் காவல் நிற்பதும் அதுதான். மரத்துக்குக் காவலாக நிற்கும் அந்தப் புரதம் சில மனிதர்களின் உடம்புக்கு ஆகாது. அதனால்தான் கையுறைகளைக் கொதிக்கும் வெந்நீர்த் தொட்டியில் ஓடவிட்டு அதை வெளியேற்றுவார்கள்.

அன்று மதியத்தோடு வெந்நீர்த் தொட்டியின் சூடேற்றி பழுதாகிவிட்டது. ஆனால் இயந்திரம் நிற்கவில்லை. மதியத்துக்குப் பிறகு வந்த கையுறைகள் வெதுவெதுப்பான தண்ணீரில் முங்கி எழுந்து, வழுக்கிக்கொண்டு கையில் ஏற வேண்டும் என்பதற்காகச் சோளமாவும் பூசப்பட்டு, பெட்டிக்குள் போய்விட்டன.

மேலாளர் கிருபாலனிடம் குழாயைக் காட்டினாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கண்ணியமான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். வெளியே கண்டெய்னர் லாரி காத்திருப்பதைப் பற்றியும், சென்ற மாதம் ஒரு சரக்கு தாமதமானதில் முதலாளி பேசிய பேச்சைப் பற்றியும் சொன்னார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்.

"ரேக்ல காலையில ஓடின சரக்கும் இருக்குதானே ஷெர்லீன்? அதுலருந்து எடுத்துப் பாருங்க. சாம்பிள்னா எல்லாம் சாம்பிள்தானே."

காலை, மதியம், மாலை மூன்றையும் கலந்து எடுக்க வேண்டும் என்பது விதி. அது இருவருக்கும் தெரியும். அவர் பொய் சொல்லச் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. காலையில் ஓடிய கையுறைகளை மட்டும் வெட்டி ஊறவைத்தாள். நீலம் வெளிறி வந்தது. லாரி புறப்பட்டது.

சோதனைக்காகப் பிரித்த பெட்டிகளை மறுபடி ஒட்டி அனுப்ப முடியாது. அவற்றை ஊழியர்கள் வீட்டுக்கு எடுத்துப்போவது அங்கே பழக்கம். செங்கிலும் பக்கத்துக் குருபோங்கிலும் மீன் கழுவுவதிலிருந்து தலைக்குச் சாயம் பூசுவது வரை எல்லாவற்றுக்கும் அந்தக் கையுறைதான். ஷெர்லீன் மதியச் சரக்கின் பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மெர்லிமாவ் ஆலயத்தில் திருவிழா. சமையலுக்கு வேண்டும். இத்தனை வருடம் கொடுத்திருக்கிறாள், யாருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

மெர்லிமாவ் தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளும் காலியாகிவிட்டன. ஆனால் அந்தோனியார் சிற்றாலயம் மட்டும் நிற்கிறது, திருவிழாவுக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். பூசை முடிந்ததும் எல்லாருக்கும் பொதுச் சாப்பாடாக அசன விருந்து. பொழுதெல்லாம் லாரி ஓட்டும் மரியசூசைதான் பல வருடமாக அதற்குச் சமையல். கொரோனாவுக்குப் பிறகு சாப்பாட்டில் கை வைப்பவர்கள் கையுறை போட்டாக வேண்டும் என்று ஆலயக் குழு சொல்லிவிட்டது. மரியசூசைக்கு அதில் சம்மதமே இல்லை.

"கிளவ்ஸ் போட்டுக்கிட்டு கோழியப் பெசஞ்சா அது சமையலா, ஆபரேஷனா?" என்று பெண்களைச் சிரிக்க வைத்துக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

ஷெர்லீனும் கையுறை மாட்டிக்கொண்டு பந்தியில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். மோனிக்கா தன் மகள் ஜொவிட்டாவோடு வந்து உட்கார்ந்தாள். இந்தத் தோட்டத்தில் ஷெர்லீனும் மோனிக்காவும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். மோனிக்கா இப்போது குருபோங்கில் இருக்கிறாள், ஒரு பாலர் பள்ளியில் வேலை. ஜொவிட்டாவுக்கு ஞானஸ்நானத்தின்போது கையில் ஏந்திய ஞானத்தாய் ஷெர்லீன். பிள்ளை அவளைக் 'காட்மா' என்றுதான் கூப்பிடும்.

ஜொவிட்டா பிளந்த உதட்டோடும் அண்ணத்தோடும் பிறந்தவள். கிரகணத்தன்று மோனிக்கா கத்தியைத் தொட்டதால்தான் இப்படி என்று ஊரெல்லாம் பேசியது. மோனிக்கா அதை நம்பி அழுதபோது, பக்கத்தில் உட்கார்ந்து, கருவில் முகம் எப்படிக் கூடுகிறது, உயிரணுவுக்குள் இருக்கும் உத்தரவு எப்படித் தடம் மாறலாம் என்றெல்லாம் எடுத்துச் சொல்லி, உன் தப்பில்லை உன் தப்பில்லை என்று தேற்றியவள் ஷெர்லீன். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து பிள்ளைக்கு எத்தனையோ அறுவை சிகிச்சைகள் நடந்துவிட்டன. இப்போது பத்து வயது. பெரிய அறுவை ஒன்று பாக்கி. இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பை எடுத்து, ஈறில் விட்டுப்போன இடைவெளியில் வைக்க வேண்டும். வெகுநாள் காத்திருந்து, மாதக் கடைசியில் நாள் கிடைத்திருந்தது.

அந்த ஆலயத்தில் ஒரு வழக்கம். நோய் நொடியில் இருக்கும் பிள்ளைக்கு அசனச் சோற்றின் முதல் வாயை ஞானத்தாயோ ஞானத்தந்தையோதான் ஊட்ட வேண்டும். ஜொவிட்டா வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"காட்மா, கறி நெறைய வைங்க."

பந்தி நீளமாக இருந்தது. கையுறையைக் கழற்றி, கை கழுவி, திரும்ப மாட்ட நேரமில்லை. ஷெர்லீன் குனிந்து, கையுறைக் கையாலேயே சோற்றைப் பிசைந்து உருட்டிப் பிள்ளையின் வாயில் வைத்தாள். வைத்துவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் பின்னால் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. ஜொவிட்டாவின் உதடு வீங்கிக்கொண்டிருந்தது. கழுத்தெல்லாம் தடிப்பு. மூச்சு விசில் போல வந்தது. மோனிக்கா பிள்ளையை வாரிக்கொண்டு ஓட, ஷெர்லீனின் கணவன் எட்வின் காரை எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் தொடையில் ஊசி போட்டார்கள். மூச்சு மெல்லத் தணிந்தது. என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டார். கோழிக் குருமா என்றார்கள். குருமா கெட்டியாக இருந்தது, மரியசூசை அதில் கச்சான், அதாவது வேர்க்கடலை, அரைத்து ஊற்றியிருப்பார் என்று யாரோ சொன்னார்கள். கச்சான் ஒவ்வாமையாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஒவ்வாமைப் பரிசோதனைக்குத் தேதி கிடைக்கச் சில மாதம் ஆகும், அதுவரை கச்சான் தொட வேண்டாம் என்றார்.

ஷெர்லீன் கட்டிலருகே நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைச் சுற்றி மூன்று சிவந்த தடிப்புகள் தனியாகத் தெரிந்தன. உதட்டின் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் இரண்டு. ஒரு கட்டைவிரலும் இரண்டு விரல்களும் தொட்ட இடங்கள். குருமா அப்படிக் குறிவைத்துப் படாது.

அவளுக்குப் பயிற்சியில் படித்தது நினைவுக்கு வந்தது. சிறு வயதிலேயே திரும்பத் திரும்ப அறுவை செய்துகொண்ட பிள்ளைகளின் உடம்பு, ஒவ்வொரு முறையும் டாக்டரின் கையுறையைச் சந்திக்கிறது. உடம்பின் காவலர்களும் புரதங்கள்தான். மரத்தின் புரதத்தை அவை எதிரி என்று மனத்தில் பதித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு ஒரு நாள் அதே எதிரி வாய் வழியாகவே உள்ளே வந்தால், காவலர்கள் ஊரையே கொளுத்திவிடுவார்கள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். மோனிக்கா அவள் தோளில் சாய்ந்து, நல்ல நேரத்தில் நீயும் எட்வினும் இருந்தீர்கள் என்று அழுதாள். ஷெர்லீன் வாயை மூடிக்கொண்டாள்.

திங்கட்கிழமை, ஆலயச் சமையலறையில் மிஞ்சிய கையுறைகளில் ஒரு ஜோடியைத் தொழிற்சாலையில் வெட்டி ஊறவைத்தாள். கிருபாலன் உணவுக்குப் போன நேரம். நீலம் மை போல இறங்கியது. குழாயைக் கழுவி வைத்துவிட்டுக் கழிவறையில் போய் நின்றாள்.

சொன்னால் மாதிரியை மாற்றி எடுத்தது வெளியே வரும். வேலை போகும். எட்வினுக்கு ஏற்கெனவே ஓவர்டைம் இல்லை. இவையெல்லாம் காரணங்களாக வரிசையில் வந்து நின்றன. ஆனால் உண்மையில் அவள் பயந்தது மோனிக்காவின் முகத்துக்கு. அதனால் வேறு வழிகளில் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மோனிக்கா வீட்டுக்குப் போய்ச் சமையலறைத் தொட்டிக்கு அடியில் இருந்த கையுறைப் பெட்டியைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் கையுறைகளை வைத்தாள். கதவில் கட்டியிருந்த பலூன்களை, அவையும் ரப்பர்தானே என்று, ஊசியால் குத்தி எறிந்தாள். ஆஸ்பத்திரிகளில் இப்போதெல்லாம் செயற்கைக் கையுறைதான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

இதற்குள் மெர்லிமாவில் மரியசூசையைப் பற்றிப் பேச்சு பரவிவிட்டது. பிள்ளையைக் கொல்லப் பார்த்தான், தேங்காயைக் குறைத்து லாபம் பார்க்கக் கச்சானைக் கரைத்து ஊற்றிவிட்டான் என்றார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் பேசி வைத்திருந்த சமையலை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை ஷெர்லீன் மோனிக்கா வீட்டில் இருந்தபோது அவரே வந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, பூசைக்குப் போவது போல வந்திருந்தார். கையில் பிள்ளைக்கு ஒரு டப்பா பிஸ்கட். வாங்கும்போது பெட்டியில் கச்சான் என்று எழுதியிருக்கிறதா என்று கடைக்காரப் பையனிடம் படிக்கச் சொல்லிக் கேட்டாராம்.

"நான் தேங்காயும் கசகசாவுந்தாம்மா அரைச்சேன். கச்சான் போடல. ஆனா எங்க தப்பு நடந்துச்சுன்னு எனக்குத் தெரியல. அரைச்ச மெஷின்ல முன்னாடி எவனாச்சும் அரைச்சிருப்பானோ என்னமோ. பிள்ள எஞ்சோத்தத் தின்னுதான் விழுந்துச்சு. என்னய மன்னிச்சிரு தாயி."

மோனிக்கா பிஸ்கட்டை மட்டும் வாங்கி மேசைமேல் வைத்தாள். அவர் வாசலில் குனிந்து செருப்பைத் தேடினார். ஷெர்லீன் அவருடைய செருப்பை நேராக்கிக் கொடுத்தாள். அதற்குமேல் அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவர் போன பிறகு மோனிக்கா காப்பி கலந்துகொண்டு வந்தாள். முந்தின நாள் அறுவைக்கு முந்திய பரிசோதனைக்குப் போய் வந்த கதையைச் சொன்னாள். எல்லாம் நல்லபடி இருக்கிறதாம். மருந்து ஏதாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டார்களாம், கச்சான் மட்டும் என்று சொன்னாளாம். ஜொவிட்டா தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். எலும்பு வளருமா, அல்லது வைத்த இடத்தில் கல் மாதிரி கிடக்குமா என்று காட்மாவைக் கேட்டாள். எலும்பும் உயிருள்ளதுதான், உள்ளே புரத நூல் பின்னி அதன்மேல் சுண்ணாம்பு படிந்திருக்கும், புது இடத்தில் அது வேர் விடும் என்று ஷெர்லீன் சொன்னாள். பிள்ளைக்கு அது பிடித்திருந்தது.

"டாக்டரு வாய்க்குள்ள முழுக் கையும் விடுவாராம் காட்மா. நர்ஸு சொன்னாங்க."

மோனிக்கா சிரித்தாள். "அந்த டாக்டருக்கு ரப்பர் கிளவ்ஸ்தான் வேணுமாம்லா. மத்ததுல வெரலுக்குப் பிடிமானம் இல்லியாம். எங்க ஷெர்லீன் பாக்டரியில செய்றதா இருக்கும்னு நர்ஸுகிட்ட பெருமையா சொல்லிட்டு வந்தேன்."

ஷெர்லீன் காப்பிக் கோப்பையை மேசையில் வைத்தாள். ஜொவிட்டாவை உள் அறையில் போய் வரையச் சொன்னாள்.

"மோனி, கச்சான் இல்ல."

"என்ன கச்சான் இல்ல?"

"பிள்ளைக்கு ஒத்துக்காதது கச்சான் இல்ல. கிளவ்ஸ். நான் போட்டிருந்த கிளவ்ஸ். அதுல புரதம் சரியாக் கழுவப்படல. அது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பாஸ் பண்ணேன். தெரிஞ்சேதான் கோயிலுக்குக் கொண்டாந்தேன். என் கையாலதான் அவ வாயில வச்சேன்."

மோனிக்கா அவளையே பார்த்தாள்.

"எப்பலருந்து தெரியும்?"

"ஆஸ்பத்திரியிலயே."

"அன்னைக்கேவா?"

ஷெர்லீன் தலையாட்டினாள்.

"அப்பறம் எத்தன தடவ இங்க வந்துட்ட. இப்ப அந்த மனுஷன் வந்து கையக் கட்டிக்கிட்டு நிக்கிறப்பவும் நீ இங்கதான இருந்த?" மோனிக்காவின் குரல் உயரவில்லை. "ஆபரேஷன்ல அந்த டாக்டரு கை எவ்வளோ நேரம் எம்பிள்ள வாய்க்குள்ள இருக்கும்னு உனக்குத் தெரியுமா? மயக்கத்துல கெடப்பா. மூச்சு முட்டுதுன்னு சொல்லக்கூட மாட்டா."

தெரியும் என்றாள் ஷெர்லீன். அதனால்தான் இப்போது சொல்கிறேன் என்றாள். பிறகு, டாக்டரிடம் சொல்லத் தேவைப்படும் என்பதால், ஒன்று கேட்டாள். வாழைப்பழம் சாப்பிட்டால் வாய் அரிக்கிறது என்று பிள்ளை எப்போதாவது சொல்லியிருக்கிறாளா? ரப்பர் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்ளாது. இரண்டிலும் உள்ள புரதங்கள் ஒரே சாயல்.

மோனிக்கா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். "தெனம் சொல்லுவா. சாப்பிட அடம் பண்றான்னு நெனச்சேன். வாயப் பிடிச்சித் திணிச்சிருக்கேன்."

"அது உன் தப்பில்ல மோனி."

"நீ அதச் சொல்லாத. இனிமே நீ எனக்கு அதச் சொல்லாத."

திங்கட்கிழமை இருவரும் ஜொவிட்டாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அறுவை மருத்துவரிடம் ஷெர்லீன் எல்லாவற்றையும் சொன்னாள், மாதிரியை மாற்றி எடுத்ததையும் சேர்த்து. அவர் திட்டவில்லை. பிள்ளையின் ரத்தத்தை எடுத்து, அவசரம் என்று எழுதி அனுப்பினார். மதியத்துக்குள் முடிவு வந்தது. ரப்பர் புரதத்துக்கு எதிரான காவலர்கள் அந்த ரத்தத்தில் ஏராளம். கச்சானுக்கு எதிராக ஒன்றுமில்லை. கையுறை, குழாய், எல்லாவற்றையும் மாற்றி, அன்றைய முதல் அறுவையாக வைத்துக்கொள்வோம், அறையின் காற்றில்கூட ரப்பர் தூசி இருக்கக் கூடாது என்றார். தெரியாமல் கத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மோனிக்கா கேட்டாள். அவர் மேசையில் இருந்த பேனாவைத் தள்ளி வைத்தார்.

அங்கிருந்து ஷெர்லீன் நேராகத் தொழிற்சாலைக்குப் போனாள். அவள் சொல்லி முடிக்கும்வரை கிருபாலன் கேட்டிருந்தார். நீங்கள் மட்டும் தனியாகச் செய்ததாகச் சொல்லப் போகிறீர்களா என்று கடைசியில் கேட்டார். நடந்ததை நடந்தபடி சொல்லப் போகிறேன் என்றாள். சரக்கு இன்னும் கப்பலில்தான் இருந்தது. எந்த ஊரில் எந்தப் பிள்ளையின் வாய்க்கு அது போகும் என்று அவளுக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. அவர் தொலைபேசியை எடுத்து, வாங்குபவரின் எண்ணைத் தானே அழுத்தினார். ஷெர்லீனை விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

மரியசூசை வீட்டுக்கு எட்வினும் கூட வந்தான். லாரியைக் கழுவிக்கொண்டிருந்தவர் ஷெர்லீன் சொன்னதையெல்லாம் குழாயை மூடாமலே கேட்டு முடித்தார்.

"எங்கிட்ட சொன்னதே போதும்மா," என்றார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "இல்ல, போதாது. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எல்லாரு முன்னாடியும் சொல்லிரு. எம்பொண்டாட்டி கோயில்ல தலை நிமிந்து உக்காரணும்."

சொன்னாள். மைக் இல்லாமல், பீடத்துக்குக் கீழே நின்று சொன்னாள். மரியசூசையின் மனைவி முன் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மற்ற பெண்கள் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டார்கள். வெளியே வந்தபோது யாரும் ஷெர்லீனோடு பேசவில்லை. ஒருத்தி மட்டும், சொன்னியே அதுவாவது நல்லது என்றாள். அந்த 'அதுவாவது' வீடு வரை அவளோடு வந்தது.

அறுவை நாளன்று காலை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கூப்பிடவில்லை, போனாள். மோனிக்கா காத்திருக்கும் இடத்தின் ஒரு மூலையில் ஜெபமாலையோடு இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஷெர்லீன் எதிர் மூலையில் உட்கார்ந்தாள். நடுவில் காலி நாற்காலிகள். கதவு திறக்கும்போதெல்லாம் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

கடைசியில் ஒரு தாதி வந்து, நல்லபடி முடிந்தது, ஒரு தடிப்புகூட வரவில்லை என்றாள். மோனிக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஷெர்லீன் அவளை நோக்கி இரண்டடி வைத்து, நின்றுவிட்டாள்.

"நீ சொன்னதாலதான் பொழச்சா," என்றாள் மோனிக்கா, அவளைப் பார்க்காமலே. "அது எனக்குத் தெரியும். ஆனா நீ சொல்லாம எங்கூட காப்பி குடிச்ச பாரு, அத என்னால முழுங்க முடியல."

ஷெர்லீன் திரும்பிப் போய்த் தன் மூலையில் உட்கார்ந்தாள்.

மாலையில் பிள்ளையை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஷெர்லீன் கதவோரத்தில் நின்றாள், உள்ளே போகவில்லை. ஜொவிட்டாவின் முகம் வீங்கியிருந்தது, வாயில் தையல், பேச முடியாது. கண்களை உருட்டித் தேடி, கதவோரத்தில் நின்றவளைக் கண்டுபிடித்துவிட்டாள். போர்வைக்கு வெளியே கையை நீட்டி, வா என்பது போல விரல்களை மடக்கினாள்.

ஷெர்லீன் அசையவில்லை. மோனிக்காவைப் பார்த்தாள்.

மோனிக்கா மகளின் நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு எழுந்து, வார்டின் ஓரத்தில் இருந்த கைகழுவும் தொட்டியைச் சுட்டிக்காட்டினாள்.

"கையக் கழுவிட்டு வா."

ஷெர்லீன் போய்க் குழாயைத் திறந்தாள்.